அட்டையில் துப்பாக்கி

அன்புள்ள அப்பாவுக்கு, மகன் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

நீங்கள் பெட்டியில் வைத்து அனுப்பிய பழைய உளவாளி நாவலால் இங்கே ஒரு கூத்து. நான் வேலை பார்க்கும் ஓட்டலில் தங்கியிருந்த ஒருவரின் கைக்கடிகாரம் காணோம் என்றதும், வாசலில் காவலுக்கு நிற்கும் எங்கள் பைகளைத்தான் முதலில் கொட்டினார்கள். என் பையிலிருந்து விழுந்த புத்தகத்தின் அட்டை முழுக்கத் துப்பாக்கி. தமிழ் தெரியாத மேலாளர் மிரண்டுபோய் போலீசைக் கூப்பிட்டுவிட்டார். கதைப் புத்தகம் என்று நான் சொன்னது எடுபடவில்லை. சாயங்காலம் கடிகாரம் குளியலறையில் கிடைத்தது, என்னையும் விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். கூட நிற்கும் அண்ணன், "விடுடா, நம்ம மூஞ்சி அப்படி" என்று சிரித்தார்.

அறைக்கு வந்து அதைத் திரும்பப் படித்தேன். நம் கதாநாயகன் ஓட்டல் வாசலில் நிற்பவனை அறைகிறானே, அந்த இடம். பிழைக்க வந்தவன், திருட்டு முழி, எதிரியின் கையாளாகத்தான் இருப்பான் என்று எழுதியிருக்கிறது. நீங்கள் உரக்கப் படிக்க, நான் கைதட்டிய இடம் அது. பிறகு அவன் நிரபராதி என்று தெரிகிறது. அதற்குள் அடிபட்டுச் செத்துவிடுகிறான்.

யாராவது வந்தால் கம்பளிச் சட்டை கொடுத்துவிடுங்கள். தடிமனான புத்தகம் ஒன்றும் வேண்டும், பேச ஆளில்லை. அட்டையில் துப்பாக்கி வேண்டாம். அம்மாவுக்கு இதைப் படித்துக்காட்டாதீர்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. கடைசிப் பக்கம்வரை தேடிவிட்டேன் அப்பா, அந்த வாசல்காரன் வீட்டுக்கு யாருமே தகவல் சொல்லவில்லை.

உங்கள் மகன்