வண்ணத்துப்பூச்சிப் பக்கத்தில் நீ எழுதிய வரி

அக்கா,

தகரப்பெட்டியைத் திறந்ததும் கறுவா இலை வாசம் வந்து முகத்தில் அடித்தது. ஒவ்வொரு கடிதத்துக்குள்ளும் அந்தப் பட்டை மரத்து இலை ஒன்றை வைத்து அனுப்புவாயே, அதே வாசம். நீ போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, அது இன்னும் போகவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

பெட்டியைத் திறக்க வைத்தவர் எங்கள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். ஆண்டுவிழா மலரில் இலங்கைத் தீவின் செடிகொடி, பறவை, பூச்சி பற்றி நீ எழுதியதைப் போட வேண்டுமாம். ஒரு கடிதத்தை மட்டும் காட்டியிருந்தேன். அதை வைத்துக்கொண்டு, "எவ்வளவு சந்தோஷமா இருந்திருக்காங்க சார் ஒங்க அக்கா! வரிக்கு வரி தெரியுதே" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வேறென்ன செய்வது? அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஊர் முழுக்க அப்படித்தான் நம்பியது. நம்ப வைத்தவன் நான்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் உன் கல்யாணம். அத்தை மகன்தான் மாப்பிள்ளை, இலங்கையில் மாத்தளைப் பக்கம் கொக்கோத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அந்தக் கல்யாணத்திலேயே எனக்கும் பேசி முடித்துவிட்டார்கள். உன்னை அங்கே கொடுத்து, அத்தானின் தங்கையை இங்கே எனக்கு எடுப்பது. பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் இரண்டு வீடும் ஒன்றாக இருக்கும் என்று அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நல்ல ஒற்றுமைதான்! ஒரு வீட்டில் பெண் அழுதால் மற்ற வீட்டில் கல்யாணம் நிற்கும் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

உன் கடிதம் இரண்டு வீட்டுக்கும் பொது. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் எல்லாரும் அத்தை வீட்டுக்குப் போய் உட்காருவோம். அத்தை உறையைப் பிரித்து என் கையில் கொடுப்பாள். நலம் விசாரித்த பக்கத்தை ஒருவரும் காதில் வாங்க மாட்டார்கள். "அது கெடக்கட்டும்ப்பா, பூச்சிக் கதைய வாசி" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். அதற்காகவே வருகிறவர்களும் இருந்தார்கள். நம் ஊரில் என்ன இருக்கிறது, வரகும் பொட்டலும். நீ எழுதினாய், கொக்கோ மரம் கிளையில் பூக்காதாம், அடிமரத்திலேயே பூத்துக் காய்க்குமாம். காட்டுச் சேவலின் சிவப்புக் கொண்டைக்கு நடுவில் மஞ்சள் தீற்றல் இருக்குமாம். ஈரப்பலாவை அவித்தால் கிழங்கு மாதிரி இருக்குமாம். கேட்டவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். நானும் குரலை ஏற்றி இறக்கி வாசித்து நல்ல பேர் வாங்கினேன்.

அந்தக் கடிதம் வந்தது ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்தில். மூன்றாம் பக்கம். "வண்ணத்துப்பூச்சிகள் ஆயிரம் ஆயிரமாக ஒரே திக்கில் பறக்கின்றன. வெள்ளையும் மஞ்சளுமாக. ஆதாம் மலைக்கு யாத்திரை போகின்றன என்று இங்குள்ளவர்கள் சொல்கிறார்கள்" என்று வாசித்துக்கொண்டு வந்தேன். அடுத்த வரி, அதே எழுத்தில், அதே மையில், ஒரு புள்ளிகூடக் கூடுதல் இல்லாமல் இருந்தது. "தம்பி, அடி பொறுக்க முடியவில்லை. நீ வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ." அதற்கடுத்து மறுபடியும் பூச்சி. "சில பூச்சிகள் தோட்டத்து ஓடையில் இறங்கித் தண்ணீர் குடிக்கின்றன."

நான் நிறுத்தினேன். அத்தை, "என்னப்பா, எழுத்து வெளங்கலையா?" என்றாள்.

"ஆமாங்கத்தே, மை கலைஞ்சிருக்கு."

சொல்லிவிட்டு ஓடைக்குத் தாவினேன். பூச்சிகள் தண்ணீர் குடித்ததை வாசித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா என் முதுகில் தட்டினார்.

நீ அந்த வரியை ஏன் அங்கே வைத்தாய் என்று எனக்கு அப்போதே தெரியும். கடிதத்தைத் தபாலில் போடும் முன் அத்தான் படித்துப் பார்ப்பார், பூச்சி பொட்டு வருகிற பக்கத்தை மட்டும் எரிச்சலோடு தள்ளிவிடுவார் என்று முன்பே வேடிக்கையாக எழுதியிருந்தாய். அவர் படிக்காத ஒரே பக்கம் அது. அங்கே பார்த்து வைத்தாய். ஆனால் நாங்கள் ஊர் கூட்டிப் படிக்கும் ஒரே பக்கமும் அதுதான் என்று உனக்குத் தெரியாதா? தெரிந்துதான் வைத்தாயா? சபையில் வாசித்துவிடுவான் என்று என்னை அவ்வளவு பெரிய ஆம்பளையாக நினைத்தாயா? இதை நினைத்தால் உன் மேலும் கோபம் வருகிறது.

வீட்டுக்கு வந்து ஆத்தாளிடம் மட்டும் காட்டினேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான்தான் சொன்னேன். அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யாரிட்டயும் வாயத் தெறக்காத. ஒன் கல்யாணம் முடியட்டும். அவளுக்கும் ஒரு பிள்ளை பொறந்தா எல்லாம் சரியாப் போயிரும்" என்றாள். எனக்கு அது வசதியாக இருந்தது, அக்கா. பாஸ்போர்ட், விசா என்று புதிதாகச் சட்டம் வந்துவிட்டது, நினைத்த மாதிரி கப்பல் ஏற முடியாது என்று எனக்கு நானே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டேன். இலங்கைக்குப் போகிறவர்களைப் பதிந்து அனுப்பும் மண்டபம் முகாம் வரை போய் ஒரு வார்த்தை விசாரித்தேனா? பக்கத்தில் இருக்கும் திருமயத்தைக்கூடத் தாண்டவில்லை.

உனக்குப் பதில் எழுதினேன். அதை நினைத்தால் இந்தக் கையை வெட்டிப் போடலாம் போல் இருக்கிறது. "அந்தப் பூச்சிகள் என்ன அகலம் இருக்கும்?" என்று கேட்டிருந்தேன்.

நீயும் பதில் எழுதினாயே! உள்ளங்கையில் பாதி இருக்கும் என்று. அதற்குப் பிறகு ஏழு கடிதங்கள். மலை மைனா, மிளகுக்கொடி, வால் நீண்ட கரிச்சான். ஒரு வரிகூட உன்னைப் பற்றி இல்லை. இன்னொரு தடவை கேட்டிருக்கக் கூடாதா? திட்டியிருக்கக் கூடாதா? "அட கோழைப்பயலே" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால்கூட எனக்கு ரோஷம் வந்திருக்கும். வந்திருக்குமா? சத்தியம் பண்ண மாட்டேன்.

எட்டாவதாக வந்தது தந்தி. காய்ச்சல் என்று இருந்தது. அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்களாம். அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அத்தான் அடுத்த வருஷமே அங்கிட்டே வேறு பெண் கட்டிக்கொண்டார். யாரும் அவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்க வேண்டிய நான் அவர் தங்கையோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன்.

இன்று மலருக்காக அந்த மூன்றாம் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் நாத்தனார், என் பெண்டாட்டி, கீரை ஆய்ந்துகொண்டே, "அந்த யாத்திரை போற பூச்சிய வாசிங்க, கேட்டு எத்தனை வருஷமாச்சு" என்றாள். வாசித்தேன். முதன்முறையாக ஒரு வரியும் விடாமல் வாசித்தேன்.

அவள் நிமிரவில்லை. கீரைக்காம்பை ஒடித்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லையோ என்று மறுபடியும் அந்த வரியை வாசித்தேன்.

"கேட்டுச்சு" என்றாள். "அன்னைக்கு நீங்க மை கலைஞ்சிருக்குன்னு சொன்னீங்கள்ல, நான் ஒங்களுக்குப் பின்னாடிதான் நின்னுக்கிட்டிருந்தேன். எனக்கும் படிக்கத் தெரியும்ல."

"அப்ப ஏன் சொல்லலை?"

"நீங்க ஏன் வாசிக்கலை?"

நீ கூப்பிட்டது இரண்டு பேருக்குக் கேட்டிருக்கிறது, அக்கா. இரண்டு பேரும் தாலி ஏறும் வரை வாயை மூடிக்கொண்டிருந்தோம். உன்னை நினைக்கும்போதெல்லாம் இனி அவள் முகத்தையும் பார்க்க வேண்டும், அவள் என் முகத்தைப் பார்க்க வேண்டும். அதுதான் எங்களுக்கு மிச்சம்.

மூன்றாம் பக்கத்தை உள்ளது உள்ளபடி எழுதி முடித்துவிட்டேன். தலைமையாசிரியர் அந்த ஒரு வரியை அடித்துவிட்டுப் போடலாமே என்று நாளைக்குக் கேட்பார். அத்தை இன்னும் உயிரோடு இருக்கிறாள், அவளும் கேட்பாள். பூச்சியை வேண்டுமானால் அடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப் போகிறேன்.

உன் தம்பி