கண்ணாடிக்குள் பனி

ஆகஸ்ட் 12, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். மகள் ஜெசிந்தா (இனி ஜெ. என்று எழுதுவேன், விரல் மூட்டு வலி). பேத்தி டில்ஷி, பள்ளி விடுமுறை. நீச்சல் தொட்டியைப் பார்க்கக் கண்டியிலிருந்து வந்த நிஷாந்த. மருமகன் பிரான்சிஸ் (இனி மரு.) இல்லை, டவுனில் தன் உரக் கடையில். இருந்தவர்கள் பெயரை எழுதி வைப்பது என் பழக்கம். பிறகு ஒருவரும் "நான் அங்கே இல்லையே" என்று சொல்ல முடியாது.

தொட்டி கலங்கல். மலையிலிருந்து குழாயில் வரும் தண்ணீர், மழை பெய்தால் பால் இல்லாத சாயத் தேத்தண்ணி மாதிரி வந்துவிடும். தொட்டிக்கு மேலே கூரை, நாலு பக்கமும் கண்ணாடி, குளிர் புகாமல். உள்ளே போனால் மூக்கைக் குத்தும் நெடி. டில்ஷிக்குக் கண் இரண்டும் சிவப்பு. குளோரின் கூடிப் போச்சு, போடாதே என்று மரு. சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நிஷாந்த சின்னக் குழலில் தண்ணீர் எடுத்து மருந்து சொட்டினான். மஞ்சள் வர வேண்டுமாம். வரவில்லை.

"அம்மே, மணம் கூடன்னா மருந்து கொறவு," என்றான் என்னிடம், அவனுக்குத் தெரிந்த தமிழில். "அழுக்கத் தின்னு முடிஞ்ச மணம் இது."

அப்புறம் ஜெ.யிடம் சிங்களத்தில் நிறையச் சொன்னான். என் சிங்களம் சந்தைச் சிங்களம், பாதிதான் பிடிபட்டது. குளோரின் ட்ரம்மைக் காட்டினான். தாழ்வாரத்தில் மரு. அடுக்கி வைத்திருக்கும் உர மூட்டைகளைக் காட்டினான். பொஹொர, பொஹொர என்று திரும்பத் திரும்ப. உரம் என்று எனக்குத் தெரியாதா.

அவன் போன பிறகு கேட்டேன்.

"ட்ரம்முக்குள்ள காஞ்ச கரண்டிதான் போகணுமாம் மா. ஈரம் படக்கூடாது. உரம் ஒரு துளி பட்டாலும் கொதிச்சு விஷப் புகையா வருமாம். ட்ரம்ம இந்தக் கண்ணாடிக்குள்ள வைக்கவும் கூடாதாம்."

"மாப்பிள்ளைக்குச் சொல்லிரு."

"சொல்றேன்."

மரு.வோடு நான் நேரே பேசுவதில்லை. எங்கள் பக்கம் மாமியார் மருமகன் முன்னால் நின்று பேசுகிற வழக்கம் இல்லை, அது ஒன்று. மற்றது, பெண் கேட்டு வந்த அன்று அவருடைய அம்மா ரோசலின் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். கைக்குட்டை நீலம், ஓரத்தில் வெள்ளைப் பூ. ஆகவே எது சொல்வதானாலும் ஜெ. வழியாகத்தான். அவரும் அப்படியே. "அத்தைக்கு டீ வேணுமான்னு கேளு." நான் பக்கத்திலேயே இருப்பேன்.

மாலை மரு. வந்தார். "தொட்டிக்காரன் என்னா சொன்னான்?"

"பவுடர் போடணுமாம். போட்டாச்சு. நல்லாயிரும்னு சொன்னாரு."

அவ்வளவுதான் சொன்னாள்.

13, புதன்

மழை விட்டது. பனி மட்டும். மீன் வாங்க வேண்டும். கால் தைலம் தீர்ந்தது.

ஜெ. காலையில் தண்ணீர் சோதித்தாள். மஞ்சள் வந்தது, இளசாக. அளவு ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருந்தால் பிள்ளைகள் இறங்கலாமாம். நெடியும் குறைவு. நிஷாந்த சொன்னது சரிதான்.

டில்ஷி இறங்கினாள். நான் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இவளுக்குப் பிறந்ததிலிருந்து வீசிங். பனிக்காலத்தில் நெஞ்சுக்குள் பூனை கத்தும். நீந்தினால் நெஞ்சு விரியும் என்று எவனோ போனில் பேசியதைக் கேட்டு மரு. இந்தத் தொட்டியைக் கட்டினார். இந்தக் குளிரில் எவன் தொட்டி கட்டுவான் என்று ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் போன மாதம் முழுதும் அவள் பம்ப் மருந்து இழுக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

"அம்மாயி, ஞாயித்துக்கிழமை என் கிளாஸ் பிள்ளைங்க எல்லாம் வருவாங்க. நீங்களும் எறங்குவீங்களா?"

"எறங்குனா தண்ணி வெளிய போயிரும்டி."

"அப்பாயி வந்தா பாதி போயிரும். நீங்க எலும்பு."

அப்பாயி என்றால் அந்த ரோசலின். சிரித்துவிட்டேன்.

ஞாயிறு இவளுக்குப் பிறந்தநாள். வர இருக்கிற பிள்ளைகள் ஒரு வேன் நிறைய.

நாய் கண்ணாடி அறைக்குள் வரமாட்டேன் என்கிறது. முன்பெல்லாம் ஹீட்டர் பக்கத்தில்தான் படுக்கும். வாசலில் நின்று தும்முகிறது. ட்ரம் இன்னும் மூலையில்தான்.

"சொல்லிட்டியா?"

"கடையில சரக்கு வந்திருக்கு, அவரு டென்ஷன்ல இருக்காரு மா. சொல்லிக்கலாம்."

14, வியாழன்

பகல் முழுக்கப் பனி. கண்ணாடி அறை வெளியிலிருந்து பார்த்தால் பால் ஊற்றிய போத்தல் மாதிரி.

டில்ஷி குளோரின் அள்ளும் பிளாஸ்டிக் கரண்டியை மிதித்து உடைத்துவிட்டாள். ஜெ. ஒன்று வாங்கி வரச் சொன்னாள். மரு. மறந்து வந்தார்.

ஜெ. மதியம் பேச்சை எடுத்தாள். அடுப்படியில் இருந்து கேட்டேன்.

"என்னாங்க, கண்ணாடிய கொஞ்சம் தெறந்து வைக்கச் சொன்னாரு அந்தத் தொட்டிக்காரரு. காத்து போகணுமாம்."

"தெறந்தா சூடு எல்லாம் போயிரும். பிள்ளைக்கு நெஞ்சு கட்டிக்கிட்டா அவனா வந்து பாப்பான்?"

"இல்ல, அந்தப் பவுடரும்..."

"ஏய், நான் உரமும் மருந்தும் விக்கிறவன். எனக்குப் பவுடர் பத்திப் பாடம் எடுக்குறியா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஜெ.யும் சிரித்தாள். பேச்சு கேக்குக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள். வீட்டில் அவருக்கு முகம் சுருங்கினால் இவளுக்கு நாக்கு சுருங்குகிறது.

பரிமாறும்போது காதில் சொன்னேன், முழுசாச் சொல்லு என்று. "சரி மா, சரி மா."

15, வெள்ளி. மாதா பெருநாள்

கோயில். பூசைக்குக் கூட்டம். ரோசலின் இரண்டு வரிசை முன்னால். தலையாட்டினாள். நான் மாதாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது தொட்டியில் ஒரு சிட்டு மிதந்தது. கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்டு வெளியே போக வழி தெரியாமல் விழுந்திருக்கும். டில்ஷி பார்ப்பதற்கு முன் எடுத்துப் புதைத்தேன். கை கழுவியும் குளோரின் வாடை போகவில்லை.

மரு. பின்பக்கக் காய்கறித் தோட்டத்தில், லீக்ஸ் பாத்தியில் இருந்தார். நாளை மழை வருமாம், அதற்கு முன் உரம் வைத்துவிட வேண்டுமாம். ஜெ. அவருக்கு டீ கொண்டு போனாள். திரும்பி வரும்போது முகம் சரியில்லை.

சாப்பாட்டில்:

"என்னாங்க, அந்தப் பால் டின்னு..."

"எந்த டின்னு?"

அதற்குள் கேக் கடையிலிருந்து போன். பேசி முடித்துவிட்டு, "என்னா கேட்ட?" என்றார்.

"ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க. கறி போடவா?"

என்னா டின்னு என்று நானும் பிறகு கேட்டேன். ஒண்ணுமில்ல மா என்றாள். என் கண்ணைப் பார்க்கவில்லை. பலூன் பாக்கெட் எங்கே வைத்தோம் என்று தேடப் போய்விட்டாள்.

இதை எழுதும்போது வலது கண் துடிக்கிறது. பெண்ணுக்கு வலது நல்லதல்ல.

16, சனி

ஆஸ்பத்திரி. டில்ஷிக்கு மூச்சுக்கு ஒட்சிசன் வைத்திருக்கிறார்கள். எழுத முடியவில்லை.

17, ஞாயிறு

மழை. ஆஸ்பத்திரித் தாழ்வாரம், பெஞ்ச். இன்று டில்ஷியின் பிறந்தநாள். வேன் வரவில்லை, எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லியாகிவிட்டது.

நேற்று நடந்தது. மறக்க மாட்டேன், ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் மரு. மழைக்கு முன் மிச்ச லீக்ஸுக்கு உரம் வைத்தார். எப்போதும் போல பால் டின்னால் அள்ளி. எங்கள் ஆட்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பால் டின் போதும். மாவுக்கும் அதுதான், நாய்ச் சோற்றுக்கும் அதுதான், உரத்துக்கும் அதுதான். தூறல் விழுந்ததும் அதே ஈர டின்னோடு கண்ணாடி அறைக்குள் வந்தார். கரண்டி உடைந்துவிட்டதே. ட்ரம்மில் அள்ளித் தொட்டியில் போட்டார். நாளைக்கும் வேண்டும் என்று டின்னை ட்ரம்முக்குள்ளேயே விட்டு மூடினார். கேக் எடுக்கப் போனார். ஜெ. மேலே, துணி மடித்துக்கொண்டு.

டில்ஷி பலூன் ஊதிக் கட்ட உள்ளே போனாள். கண்ணாடியைச் சாத்திக்கொண்டாள், குளிருக்கு.

நான் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தேன். கண்ணாடிக்குள் வெள்ளையாக இருந்தது. பனி என்று நினைத்தேன். இந்த மலையில் பிறந்தவர்கள் எவரும் பனி என்றுதான் நினைப்பார்கள். அடுப்படிக்குள்ளும் வருகிறது, படுக்கைக்குள்ளும் வருகிறது, அது எங்கேதான் போகாது. வெங்காயம் நறுக்கினேன்.

பிறகு நாய் குரைத்தது. பிறகு அந்தப் பனியில் மஞ்சள் கலந்திருந்ததைப் பார்த்தேன்.

கண்ணாடியைத் தள்ளியதும் நெருப்பு மாதிரி மூஞ்சியில் அடித்தது. டில்ஷி கதவுக்கு ஒரு கை தூரத்தில் கிடந்தாள், கையில் கட்டாத பலூன். முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு, அவள் காலைப் பிடித்து இழுத்தேன். எலும்பு என்றாளே, எலும்புதான் இழுத்தது. மூலையில் ட்ரம் சீறிக்கொண்டிருந்தது. மூடி எங்கேயோ போய்க் கிடந்தது.

என் தொண்டை இப்போதும் எரிகிறது. அது பரவாயில்லை.

இன்று டொக்டர் வந்து பார்த்தார். நுரையீரல் வெந்திருக்கிறது, ஏற்கெனவே வீசிங் உள்ள பிள்ளை, இன்னும் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். பிள்ளைக்கு நினைவு இருக்கிறது. பேச முடியவில்லை. என் உள்ளங்கையில் விரலால் எழுதினாள்: கேக்.

ரோசலின் வந்தாள். பெஞ்ச் ஈரமாக இருந்தது. தன் சேலையால் துடைத்து, "உக்காருங்க சம்மந்தி," என்றாள். உட்கார்ந்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் மரு. என் முன்னால் வந்து நின்றார். தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்தார். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை நேரே பேசினார்.

"எனக்குத் தெரியாது அத்தை. சத்தியமாத் தெரியாது. உரம் விக்கிற நான், எனக்கே தெரியாது. ஒருத்தரும் சொல்லல."

"எந்திரிங்க தம்பி," என்றேன். நானும் முதல் தடவை. "தெரியாமத்தானே. பிள்ளையப் போய்ப் பாருங்க."

அவர் அழுதுகொண்டே உள்ளே போனார். ஜெ. சுவரோரம் நின்றிருந்தாள். நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் கேட்கவே இல்லை, தானாகச் சொன்னாள்.

"அந்த டின்ன நான் வெள்ளிக்கிழமையே பாத்தேன் மா. லீக்ஸ் பாத்தியில உரம் அள்ளுனதும் அதுதான். வந்து ட்ரம்முல அள்ளுனதும் அதுதான். அன்னிக்கு அது காஞ்சிருந்துச்சு, ஒண்ணும் ஆகல."

"நிஷாந்த சொன்னத அவருக்குச் சொல்லவே இல்லையா?"

"பிறந்தநாள் முடியட்டும்னு இருந்தேன். சொன்னா, எனக்கே பாடமான்னு கத்துவாரு. வீட்டுல ரெண்டு நாள் பேச்சு இருக்காது. பிள்ளை முகம் வாடிரும். சண்டை வேணாம்னுதான் மா."

"என்கிட்டயாவது டின்னப் பத்திச் சொல்லியிருக்கலாமே. நான் கேட்டேனே."

"நீங்க என்னாம்மா பண்ணியிருப்பீங்க? நீங்கதான் அவருகூடப் பேசவே மாட்டீங்களே."

டின்னை எடுத்து ஓடையில் எறிந்திருப்பேன். அதற்கு யாரோடும் பேச வேண்டியதில்லை.

அவள் என் தோளில் தலை வைத்தாள். நான் எழுந்து இந்தப் பக்கத்துப் பெஞ்சுக்கு வந்துவிட்டேன். அங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் வயிற்றில் பிறந்தவள், படித்தவள், சொன்னது அத்தனையும் காதில் வாங்கியவள்.

மாதாவே, டில்ஷிக்கு மூச்சைக் கொடு. தெரியாமல் செய்த பிரான்சிஸை மன்னித்தேன். நாற்காலி துடைத்த ரோசலினையும் இன்றோடு விட்டேன். ஒரு பெயர் மட்டும் என்னால் ஆகாது, முழுப் பெயராகவே எழுதுகிறேன்.

ஜெசிந்தா மேரி.