நெளிந்த கோடு

மார்ச் 4

மூன்று நாள் புழுதிக் காற்று மதியம்தான் அடங்கியது. மகள் நயேலிக்குக் காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை. அவள் நெஞ்சில் காதை வைத்து நான்காவது தடவையாகக் கேட்டேன். கணவர் எவரார்தோ சிரிக்கிறார். "நீ கேட்டுக் கேட்டே புள்ள நெஞ்சு தேஞ்சுடும், ப்ளாங்கா."

நாளை மறுநாள் எல்லைக்கு அந்தப் பக்கம் அரிசோனாவிலிருந்து வியாபாரி ஷெரில் வருகிறாள், ட்யூசான் கண்காட்சிக்குப் பானைகள் எடுக்க. இந்தத் தடவை கேமராக்காரனும் வருகிறான். ஒவ்வொரு பானையையும் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து இணையத்தில் போடுவார்களாம். கல்லூரிக்குப் போனவள், இங்கிலீஷ் தெரிந்தவள் என்று வீடு வீடாகக் கேட்கும் வேலை என் தலையில். எல்லாரும் சரி என்றார்கள், என் நாத்தனார் ஒஃபேலியா அண்ணியைத் தவிர.

"பானையை வாங்கிட்டுப் போகட்டும். முன்னால பின்னால நிக்க வச்சுப் படம் பிடிக்க அது என்ன ஜெயிலுக்கா போகுது?"

"உலகம் பாக்கும் அண்ணி. உங்களுக்குப் பேர் வரும்."

கடைசியில் சரி என்று தலையை ஆட்டினார். எனக்காக.

மாலையில் கடைசிப் பானை. கழுத்துக்குக் கீழே நான்கு மெல்லிய கோடுகள். மூன்றாவதை இழுத்துக்கொண்டிருந்தபோது நயேலி இருமிக்கொண்டே வந்து முழங்கையில் இடித்துவிட்டாள். கோடு நெளிந்துவிட்டது. தூரிகை செய்ததும் அவள் முடியில்தான், இடித்ததும் அவள்தான். தேய்த்து அழித்தால் மெருகு போய்விடும். காலையில் சுட்டாக வேண்டும். விட்டுவிட்டேன். யார் பார்க்கப் போகிறார்கள்?

மார்ச் 6

படமெடுத்துப் போனார்கள். தூரிகை எதில் செய்தது என்று கேமராக்காரன் கேட்டதும் அண்ணி அவன் வழுக்கையைப் பார்த்தார். "குழந்தை முடியில. பயப்படாத, உங்கிட்ட கேக்க மாட்டோம்." நான் மொழிபெயர்க்கவில்லை. எதற்கென்று தெரியாமலே அவனும் எங்களோடு சேர்ந்து சிரித்தான்.

அண்ணியின் கிளிப் பானையை மட்டும் அரைமணி நேரம் எடுத்தான். அவர் பெருமையாக நின்றதை நான் பார்த்தேன்.

ஏப்ரல் 19

ட்யூசானிலிருந்து படங்கள் வந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் பானைகள். சந்தோஷம்தான். பின் ஏன் தூக்கம் வரவில்லை?

ஆகஸ்ட் 22

பீனிக்ஸிலிருந்து தங்கை யெசேனியா படம் அனுப்பியிருக்கிறாள். "அக்கா, இது உன்னோடதுதானே? இங்க பெரிய கடையில மலை மாதிரி அடுக்கி வச்சிருக்கான்."

காபிக் கோப்பைகள். வரிசை வரிசையாக. சாஸர்களில் அண்ணியின் கிளி. கோப்பைகளில் என் நான்கு கோடுகள்.

பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது கோடு நெளிகிறது. அதே இடத்தில். எல்லாக் கோப்பையிலும்.

அந்த மெஷினுக்கு யார் முழங்கையில் இடித்தது? எந்தக் குழந்தைக்கு இருமல்?

ஆகஸ்ட் 24

சொல்லாமல் இருக்க முடியவில்லை. அண்ணி வாசலில் உட்கார்ந்து காய்ந்த பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். போனைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"பேர் வரும்னியே. எங்கடி பேர்? கப்பைக் கவுத்துப் போட்டுத் தேடு, அடியில இருக்கான்னு."

"அண்ணி—"

"நீ சொன்னேன்னுதான் நான் போய் நின்னேன்."

திரும்பவும் பீன்ஸைப் பொறுக்கத் தொடங்கிவிட்டார். நல்லதையும் கல்லோடு சேர்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 9

ஷெரில் போனில் அழுதாள். அவள் வக்கீலைக் கேட்டிருக்கிறாள். அவர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டாராம்: இந்தக் கோடும் கிளியும் உங்கள் ஊர்ப்பக்கத்து மண்மேடுகளில் தோண்டியெடுத்த பழங்காலப் பானை ஓடுகளில் இருப்பவைதானே, அவர்கள் எப்படித் தங்களுடையது என்கிறார்கள்?

என்ன சொல்வது? அந்த ஓடுகளைப் பார்த்துத்தான் தொடங்கினோம். பக்கத்து வீட்டு அராசெலி என் கோட்டைப் பார்த்து வரைவாள், நான் அவள் விளிம்பைப் பார்த்து வரைவேன். இந்த ஊரில் அதைத் திருட்டு என்று யாரும் சொன்னதில்லை. அவள் அளவுக்கு மீறினால் போய் நாலு வார்த்தை கேட்பேன், மறுநாள் சோளமாவில் டமாலே அவித்துக் கொடுத்தனுப்புவாள். கோப்பை செய்தவன் வீடு எங்கே இருக்கிறது? யார் வாசலில் போய்க் கத்துவது?

வக்கீலுக்கு இதெல்லாம் புரியாது. எனக்கே பாதிதான் புரிகிறது.

செப்டம்பர் 30

நயேலிக்கு மறுபடி இருமல். ஒரு பானைகூட விற்கவில்லை. வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி என் பானையைக் கையில் எடுத்து, "இது கடையில் இருக்கிறதே" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு கீழே வைத்தார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைப்பு.

அக்டோபர் 3

அண்ணி கார் ஒயர் ஃபேக்டரியில் சேர்ந்துவிட்டார். கம்பெனி பஸ் விடியக்காலை நாலரைக்கு வருகிறது. போகும்போது பானை தேய்க்கும் தன் மெருகுக்கல்லை எங்கள் ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அதைக் கையில் எடுக்கப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 20

ஷெரிலிடமிருந்து செய்தி. கோப்பைகளைப் பார்த்தவர்கள் 'கையால் செய்ததே' வேண்டும் என்று கேட்கிறார்களாம். நாற்பது பானை. ஒரே ஒரு விஷயம், அந்த நெளிவு கட்டாயம் இருக்க வேண்டும். அதுதான் எல்லாருக்கும் பிடித்திருக்கிறதாம்.

"வேண்டாம்னு சொல்லிடு," என்றார் எவரார்தோ.

"சொல்லிட்டு?"

எழுந்து விறகு பிளக்கப் போய்விட்டார்.

நவம்பர் 8

வரவில்லை. ஐந்து நாளாக முயன்று பார்த்துவிட்டேன். வேண்டுமென்று நெளித்தால் பாம்பு மாதிரி நெளிகிறது. யெசேனியா ஒரு கோப்பையை வாங்கி அனுப்பியிருந்தாள். அதை முன்னால் வைத்துப் பார்த்துப் பார்த்து வரைகிறேன். என் கோட்டை.

இன்று நயேலியைப் பக்கத்தில் நிற்க வைத்தேன். புதுத் தூரிகைக்காக நேற்று முடி வெட்டியதில் அவள் கழுத்து இன்னும் மெலிந்து தெரிகிறது. முதல் கோடு போட்டேன். இரண்டாவது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப இடிக்கவாம்மா?"

"இடி கண்ணு. மெதுவா."