கட்டாத வீட்டுக்கு நான் போட்ட விலை

அன்பு மகள் தினேஸ்வரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், கடல் தாண்டி சபாவில் இருக்கும் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க மாரியம்மன் துணை இருக்கட்டும். கைப்பேசி இருக்கும்போது இந்த மனுசன் ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று சிரிப்பாய். உன் படிப்பு உதவித்தொகை விண்ணப்பப் பாரத்தைத் திருத்த அசல் காகிதங்களைக் கூரியரில் அனுப்புகிறேன், கூடவே இதையும் வைக்கிறேன். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன்.

பாரத்தில் என்னதான் போட்டீங்க என்று நீ கேட்டபோதெல்லாம் மழுப்பிவிட்டேன், இப்போது சொல்கிறேன். பெற்றோர் பகுதியை நிரப்பச் சொல்லி அனுப்பினாய் அல்லவா, அதை ஜெலாப்பாங் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் நான் ஓட்டும் போர்க்லிப்ட் வண்டியில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் நிரப்பினேன். வீடு சொந்தமா, வாடகையா, மற்றவையா என்று கேட்டது. நான் பிறந்த வீடு, சமைக்கிற குசினியைப் பின்னால் இழுத்துக் கட்டியது நான், முன்னால் சிமெண்ட் போட்டது நான், அதைப் போய் மற்றவை என்று போட ரோசம் விடவில்லை. சொந்தம் என்று தட்டிவிட்டேன். உடனே விலை என்ன என்று கேட்டது. எனக்கு என்ன தெரியும், நம் குடியிருப்புக் குழுத் தலைவர் இராமசாமி அண்ணனுக்குப் போன் போட்டேன். தோட்டத்தை வாங்கிய கம்பெனி நம் தொழிலாளர் லயத்து வீடுகளை இடிப்பதென்றால் குடும்பத்துக்கு ஒரு கல் வீடு கட்டித் தர வேண்டும் என்று வழக்குப் போட்டிருக்கிறோமே, அந்த வீட்டின் விலையை அவர் ரிங்கிட்டில் சொன்னார். ரெண்டரை லட்சம் வெள்ளிலா தம்பி, குறைச்சுப் போட்டுறாத, அப்புறம் பேச்சுவார்த்தையில கம்பெனிக்காரன் அதையே பிடிச்சிக்குவான் என்றார். நானும் அப்படியே போட்டேன். இன்னும் ஒரு செங்கல்கூட இறங்காத வீட்டுக்கு உன் அப்பன் முதலாளி ஆகிவிட்டான். இப்பேர்ப்பட்ட பணக்காரன் மகளுக்கு உதவி எதற்கு என்று உங்கள் உதவித்தொகை அலுவலகம் நிறுத்தி வைத்ததில் ஒரு தப்பும் இல்லை.

நீ சொன்னபடி, வீடு எங்கள் பெயரில் இல்லை என்று கடிதம் வாங்க ஈப்போவில் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். தமிழ்ப் பிள்ளைதான் இருந்தாள், மரியாதையாக உட்காரச் சொன்னாள், காகிதமும் சட்டென்று வந்தது. நமக்குக் காரியம் இவ்வளவு லேசாக நடக்காதே என்று மலாயை எழுத்துக் கூட்டிப் படித்தேன். கடைசியில், இந்த வீட்டின் மேல் எனக்கு எந்த உரிமையும் இல்லை, கேட்கும்போது காலி செய்வேன் என்று இருந்தது, அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட ஒரு கோடு. அந்த வரியை மட்டும் எடுத்திரும்மா என்றேன். எல்லாருக்கும் கொடுக்கிற சூராட், இதே லெட்டர்தான் அங்கிள், நான் மாத்த முடியாது என்றாள். கையெழுத்துப் போடாமல் மடித்து எடுத்துக்கொண்டு நேராக இராமசாமி அண்ணனிடம் போனேன். அவர் பார்த்ததும் குதித்தார். நீ ஒருத்தன் போட்டா அதைக் காட்டியே மத்தவனையும் மடக்குவான், பிள்ளை படிப்பு எனக்குத் தெரியாதா, ஆனா இது வேணாம் என்று சொல்லி, அவரே என்னைச் சத்தியக் கடிதம் எழுதுகிறவரிடம் கூட்டிப் போனார். அங்கே உள்ளதை உள்ளபடி எழுதிச் சத்தியம் செய்தேன். பட்டா கிடையாது, பிறந்ததிலிருந்து குடியிருக்கிறேன், மாற்று வீட்டுக்கு வழக்கு நடக்கிறது, தப்பான விலையைப் போட்டது நான்தான், மகள் அல்ல. அதுதான் வெள்ளைக் கவரில் இருக்கிறது.

ஆனால் கம்பெனிக் கடிதம் இருந்தால்தான் நல்லது என்று உதவித்தொகை அதிகாரி சொன்னதாக நீ சொன்னாயே, அதிலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நேற்று வண்டியைப் பின்னால் எடுத்து அட்டைப்பெட்டி அடுக்கைச் சாய்த்துவிட்டேன், சூப்பர்வைசர் என்ன ஜெயபாலன், தூக்கமா என்றான். வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். கூரை ஒழுகுற வீட்டுக்கு இவ்வளவு யோசனையா, கையெழுத்தைப் போடுங்க என்றாள். நான் போட்டதும் பேனாவை வாங்கிச் சாட்சி என்ற இடத்தில் அவளும் போட்டாள். பிறகு செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள் வெகுநேரம் உள்ளே வரவில்லை. அது பழுப்புக் கவரில் இருக்கிறது. இராமசாமி அண்ணனுக்குத் தெரியாது. அவர் வீட்டைத் தாண்ட முகமில்லாமல் மோட்டார் சைக்கிளைப் பின்பக்கச் சேற்றில் தள்ளிக்கொண்டு போய் வேலைக்குப் போகிறேன்.

ஆகவே நன்றாகக் கேள். முதலில் வெள்ளைக் கவரை மட்டும் கொடு. நீயே அதிகாரியைப் பார்த்து விளக்கிச் சொல், அப்பா விவரம் பத்தாத ஆள் என்று சொன்னாலும் பரவாயில்லை, அது சத்தியக் கடிதத்தில் இல்லாத உண்மை. முடியவே முடியாது என்று அவர் வாயால் சொன்னால் மட்டும் பழுப்புக் கவரைப் பிரித்துக் கொடுத்துவிட்டு எனக்குச் சொல். அதிகாரி சரிபார்க்கக் கேட்டு, கம்பெனி சொல்லி அண்ணனுக்குத் தெரிவதற்கு முன்னால் நான் போய்ச் சொல்ல வேண்டும், அவர் ஏசுவதை நின்று கேட்க வேண்டும். அப்பா வீடு போய்விடுமே என்று கவரை ஒளித்து வைத்துவிட்டுப் படிப்பை நிறுத்திவிட்டு வந்து நிற்காதே. அப்படி வந்தால் உனக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று எழுதப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். முதல்ல நமக்கே இடம் இருக்கான்னு பாருங்க என்றாள்.

வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடு. மழையில் நனையாமல் கொண்டு போ. நீ எடுத்த படிப்பு உன் கையை விட்டுப் போகாமல் இருக்கட்டும்.

உன் அப்பா,
ஜெயபாலன்