கேர்பர் ரீச்சர் சொல்லாமல் விட்டது

பேர்ண், சுவிஸ்,
25.05.1997

அன்பு மகள் நிலோஜினிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவும் தம்பி ஜதுஷனும் நானும் நலம். நீயும் ரொறன்ரோவில் அந்த இருமல் விட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, சித்தி வீட்டில் எல்லாரோடும் ஒற்றுமையாக இருக்க மாமாங்கேஸ்வரர் துணை செய்யட்டும். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் இப்போது காலை வேலை, முதல் ட்ராமில் போகிறார், முழங்கால் நோவுக்கு டொக்டர் தந்த மருந்தைப் பூசச் சொன்னால் மணக்குது என்று தள்ளிவைக்கிறார். தம்பிக்குக் கணக்கு நன்றாக வருகிறது, பிரெஞ்சு வரவில்லை. ஏன் படிக்கிறாய் இல்லை என்று வகுப்பாசிரியர் கேட்டதற்கு, பிரெஞ்சுக்காரர் ஜேர்மன் படிச்சால் என்ன என்று அவரிடமே கேட்டிருக்கிறான், அதற்காக என்னைப் பாடசாலைக்குக் கூப்பிட்டார்கள். உன் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு உன்னை உதவிப் பயிற்சியாளராகக் கேட்டிருக்கிறார்கள் என்ற இடத்தை அப்பா மூன்று தரம் வாசித்தார். அன்று பின்னேரமே பக்கத்து வீட்டுக் குகநாதன் அண்ணையிடம் போய் என்ரை மகள் கனடாவில கோச் என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கும் பெருமைதான். ஆனால் கடைசியில் நீ எழுதியிருந்த ஒரு வரி இத்தனை நாளும் என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறது. கேர்பர் ரீச்சர் என்னைச் செய்ததுபோல நான் ஒரு பிள்ளையையும் நிறம் பார்த்து, விளையாட விடாமல் வாங்கில் இருத்தமாட்டேன் என்று எழுதியிருந்தாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம். முழுதும் வாசித்த பிறகு என்ன வேண்டுமானாலும் நினை.

ரீச்சர் வருகிற மாதம் இருபத்தேழாம் திகதியோடு ஓய்வு பெறுகிறார். தொழிற்கல்லூரியில் இருபத்தெட்டு வருடம். நீ அவரிடம் மூன்று வருடம் விளையாடினாய், நான் அந்த விளையாட்டு மண்டபத்தை ஏழு வருடமாகக் கூட்டித் துடைக்கிறேன், ஆகையால் நீ காணாத சிலதை நான் கண்டிருக்கிறேன். அவர் வந்த காலத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டுக் கைகால் அசைக்கும் பயிற்சி மட்டும்தானாம், மண்டபம் முழுக்க ஆண்களின் கைப்பந்துக் கழகத்திடம் இருந்ததாம். ரீச்சர்தான் காவலாளியைக் கெஞ்சி இரண்டு கூடைகளைச் சுவரில் பூட்டுவித்து, தலைமுடி வெட்டப் பழகும் மூன்று பிள்ளைகளையும் வெதுப்பகத்தில் பழகும் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து முதல் அணியைத் தொடங்கியவர். சனிக்கிழமை அவர்களுக்கு வேலை என்பதால் ஒவ்வொரு முதலாளிக்கும் தானே போன் எடுத்து இரண்டு மணித்தியாலம் கேட்பாராம். எண்பத்தெட்டில் முழு விளையாட்டுத் துறைக்கும் பொறுப்பாக அவரைப் போட்டார்கள், அந்தக் கதிரையில் இருந்த முதல் பெண் அவர்தான். பெரிய ஜன்னல் வைத்த அறை கொடுத்தார்கள். இன்றைக்கும் அந்த அறையில் கொடிக்கயிறு கட்டி அணிச் சட்டைகளைத்தான் காயப்போடுகிறார். பயிற்சிக்கு முன் அவர் காலுறையோடு மண்டபம் முழுக்க நடந்து பார்ப்பதை நீங்கள் ஒருவரும் கண்டிருக்க மாட்டீர்கள். வழுக்குகிற இடம் இருந்தால் என்னைக் கூப்பிட்டுக் குறை சொல்லமாட்டார், தானே துணி எடுத்துத் துடைப்பார். ஒருநாள் நான் வெட்கப்பட்டு ஓடிப்போய்த் துணியை வாங்கியபோது, முழங்கால் போனால் இந்தப் பிள்ளைகள் சலூனில் நாள் முழுக்க எப்படி நிற்பது என்றார். நீ சொல்லிக்கொடுத்த ஓடு ஓடு என்ற சொல்லை இன்னும் விடவில்லை. சுவிஸ் பிள்ளைகளும் அதைக் கேட்டால் ஓடுகிறார்கள். உங்கள் மகள் பந்தைவிட வாயை வேகமாக எறிகிறாள் என்று என்னிடம் முதன்முதல் சொல்லிச் சிரித்ததும் அவர்தான்.

இனி நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன். தொண்ணூற்றி நான்கு மார்ச்சில் பாசல் அணியோடு நடந்த இறுதி ஆட்டத்தில் உன்னை வாங்கில் இருத்தச் சொன்னது நான். அப்போது எங்கள் அகதி விண்ணப்பம் ஒருமுறை தள்ளுபடியாகி மேல்முறையீட்டில் இருந்தது, தமிழரைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று எல்லா வீட்டிலும் அதே கதை. பத்திரிகையிலிருந்து உன்னைப் படமெடுக்க வருகிறார்கள் என்று ரீச்சர் சந்தோசமாக என்னிடம் சொல்லியிருந்தார். அதை நான் தமிழ்க் கடையில் ஞானேஸ்வரி அக்காவிடம் சொல்ல, அவ கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு, உனக்கென்ன விசரோ, சிரிச்சுக்கொண்டு பந்தடிக்கிற பிள்ளையின்ரை படத்தைப் பொலிஸ் வெட்டிக் கேஸ் பைலுக்கை வைக்கும், உயிருக்குப் பயந்து வந்த ஆக்கள் இப்பிடியோ துள்ளுறது எண்டு கேப்பாங்கள் என்றா. எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பட்டம் எடுத்தவள் நான், இருந்தும் அதை அப்படியே நம்பினேன். அப்பாவிடம் சொன்னால் சிரிப்பார், உன்னிடம் சொன்னால் கேட்கமாட்டாய். வெள்ளிக்கிழமை அகராதி பார்த்து நாலு வரி எழுதிக்கொண்டு ரீச்சரின் அறைக்குப் போனேன். நாளைக்கு மகள் விளையாட வேண்டாம், படம் வரக்கூடாது, மகளுக்குக் காரணம் தெரியக்கூடாது என்று எழுதியிருந்தேன். அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னை இருக்கச் சொன்னார். படத்தால் ஒன்றும் நடக்காது என்றுதான் தான் நினைப்பதாகவும், படமெடுப்பவரிடம் சொல்லி உன்னை விட்டுவிட்டு எடுக்கச் செய்யலாம் என்றும் சொன்னார். நான் அழுதேன். அவர் என் கடதாசியை மடித்து வைத்துவிட்டு, நான் அதிகாரி இல்லை, ஒன்றும் நடக்காது என்று உங்களுக்கு என்னால் உறுதி தர முடியாது, நாளைக்கு அவளை இருத்துகிறேன், அது என்னுடைய முடிவாக இருக்கட்டும் என்றார்.

மூன்று புள்ளியால் தோற்றோம். நீ சட்டையைக் கழற்றி அவருடைய காலடியில் எறிந்து, நான் கறுப்பு என்றபடியாலா என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டாய். நான் துடைக்கிற வாளியோடு கதவடியில் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை, திரும்பினால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் என்பது எனக்குப் பிறகு விளங்கியது. இது என் முடிவு என்று மட்டும் சொன்னார். அதிபர் கூப்பிட்டு விசாரித்தபோதும் அதே பதில்தானாம். பேர்ண் மாநில இளம்பெண்கள் அணிக்கு அந்த வருடம் அவரைப் பயிற்சியாளராகக் கேட்க இருந்தார்கள், பிறகு வேறொருவரைக் கேட்டார்கள். அந்த ஆட்டம்தான் காரணமோ தெரியாது, கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. போன வருடம் இங்கே தங்க அனுமதி கிடைத்த பிறகு வக்கீலிடம் அந்தப் படக் கதையைக் கேட்டேன், அவர் சிரித்தார். அப்போதாவது உனக்குச் சொல்லியிருக்கலாம். நீ கனடாவுக்குப் போகிற அவசரத்தில் இருந்தாய் என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன்.

போன புதன்கிழமை ரீச்சர் அறையைக் காலி செய்யத் தொடங்கியபோது பெட்டி கட்ட உதவினேன். நீ பயிற்சியாளராகிறாய் என்று சொன்னேன், அவர் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு எந்த வயதுப் பிள்ளைகள், எத்தனை பேர், மண்டபம் கிழமைக்கு எத்தனை நாள் கிடைக்கும் என்று விடாமல் கேட்டார். மகளுக்கு உண்மையை எழுதப்போகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். என்மேல் கோபப்பட்டு அவளுக்குப் பழகிவிட்டது, உங்கள்மேல் கோபப்பட்டால் அவ்வளவு தூரத்தில் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்றார். அதைக் கேட்ட பிறகும் நான் எழுதாமல் இருந்தால் மனுசியே இல்லை. நேற்று அப்பாவுக்கும் சொன்னேன். அவர் என்னை ஏசுவார் என்று நினைத்தேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மூண்டு வருசமா அந்த மனுசியை ரோட்டில கண்டால் மற்றப் பக்கம் மாறிப் போறனே ஜெயமலர் என்று மட்டும் சொன்னார். இன்று காலை தன் கோட்டு ஒன்றைத் தூரிகையால் தட்டிக்கொண்டு நின்றார், ரீச்சரின் பிரியாவிடைக்குத் தானும் வாறாராம்.

அன்றைக்கு ரீச்சரிடம் விளையாடிய எல்லா வருடத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். உன்னை வரச் சொல்ல முடியாது, ஆனால் அதற்கு முன் அவருக்கு ஒரு போன் எடு, இலக்கம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பார், உனக்கு அது மத்தியானம் ஒரு மணி. மன்னிப்புக் கேட்க வேண்டியது நீ இல்லை, நான், அதை நான் கேட்டுவிட்டேன். நீ அவரிடம் உன் அணிப் பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தால் போதும். என்மேல் வரும் கோபத்தை அடக்கி வைக்காதே, சித்தியிடமும் சொல்லு, நான் எழுதியதை அவவும் வாசிக்கட்டும். குளிர்சாதனப் பெட்டித் தண்ணீரைக் குடிக்காதே, பயிற்சி முடிந்து வியர்வையோடு வெளியே நிற்காதே. எல்லா நன்மையும் கிடைத்து, உன்னை நம்பி வரும் பிள்ளைகளும் நன்றாக வர என் ஆசீர்வாதம். கோபம் ஆறும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, நான் அன்று வெளியே போய்விடுவேன் என்று எழுதத்தான் நினைத்தேன். அது பொய், நான் வீட்டில்தான் இருப்பேன்.

உன் அன்பு அம்மா,
ஜெயமலர் குணசேகரம்