பச்சை விளக்கு எரிகிறதாம்

அன்பு மகளே,

நீ தொலைபேசியை எடுக்காததால் எழுதுகிறேன். கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்.

மேசைக் கணினிகள் ஓசூருக்கு முதலில் வந்தபோது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் நுழைவோம். தேதியைக்கூடத் தினமும் காலையில் நாமே தட்டித் தர வேண்டும். அதற்கு அவ்வளவு மறதி. அடுத்து, எல்லாவற்றையும் நினைவில் வைத்துச் சுழலும் வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், உள்ள ஒன்றை நான் வாங்கி வைத்தேன். உன் உலைக்கூடத்தின் நச்சுவாயு மணியை இன்றும் இயக்குவது அதுதான். இத்தனை ஆண்டுகள் ஓடிய தட்டு ஒருமுறை ஆறினால் ஒட்டிக்கொள்ளும், மறுபடி சுழலாது. அதனால் ஆயுத பூஜைக்குக்கூட அதை அணைக்க நான் விட்டதில்லை.

நேற்று பூஜைக்காக நீ அதை அணைக்கச் சொன்னாயாம். மேற்பார்வையாளர் முனீர் இப்போதுதான் சொன்னார்.

"பொட்டு வெச்சு ஆஃப் பண்ணோம்மா. காலையில ஆன் பண்ணா பச்சை லைட்டு எரியுது, எழுத்துதான் வரல. 'அதுக்கும் எங்கம்மா மாதிரி வயசாச்சு'ன்னு மேடம் சிரிச்சாங்க. உலைகிட்ட நாலு பேருக்குத் தலைவலி. சாம்பிராணிப் புகைன்னுட்டாங்க."

பச்சை விளக்கு மின்சாரம் இருப்பதை மட்டுமே காட்டும். கணினி எழாவிட்டால் மணியும் ஒலிக்காது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. நீ சொல்லாமல் யாரும் நகர மாட்டார்களாம்.

இதைக் கொண்டுவரும் ஆட்டோக்காரரிடம் பதில் எழுதித் தராதே. எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வா.

அம்மா