நடிகருக்கு மேயர் போட்ட உத்தரவு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறீர்கள் என்று நம்பிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை தேர்தல். அம்மா மறுபடி மேயராவாளா என்பது இப்போது ஒரு சாக்கடையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. எல்லாம் சினிமாவால் வந்த வினை.

கவுன்சிலராக இருந்து மேயரானவள் சினிமாவுக்குப் போன கதை உனக்குத் தெரியும். மாநகராட்சிக் கட்டடத்தில் படம் பிடிக்க வந்தவர்கள், ரிப்பன் வெட்ட வேண்டிய நடிகை வராததால் இவளையே நிறுத்தினார்கள். அடுத்த படத்தில் நீதிபதி. ஒரே ஒரு வசனம்தான், அதற்கு ஒரு வாரம் என்னைக் குற்றவாளியாக நிற்கவைத்துப் பழகினாள். இப்போது முழுநீள மேயர் வேஷம், அதுவும் அவளுடைய அறையிலேயே, அவள் நாற்காலியிலேயே. தேர்தல் நேரத்தில் வேண்டாம்மா என்று கட்சிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். லீவு நாளில்தானே என்று சொல்லி அவள் கேட்கவில்லை.

படப்பிடிப்பு நடந்த அன்றைக்குப் பார்த்து, பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் தையல்கடை வைத்திருக்கும் அம்மாள், கதவு திறந்திருக்கிறதே என்று நேராக உள்ளே வந்து, சாக்கடைத் தண்ணி மெஷின் வரைக்கும் வந்துடுச்சு என்று அழுதிருக்கிறார். உன் அம்மாவுக்கு வேஷம் மறந்துபோயிற்று. பழைய பொறியாளர் மாற்றலாகிப் போய்ப் புதியவர் வரவேண்டிய நேரம், அவள் இன்னும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. பக்கத்தில் கோப்போடு நின்றவரைக் கூப்பிட்டு, உடனே கவனிங்க என்றாள். அவரும் விறைப்பாக, நாளைக்குள்ள முடிச்சிடுறேன் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பொறியாளர் வேஷம் கட்டிய நடிகர்! வசனத்தை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். டைரக்டரோ பிரமாதம் என்று அதை அப்படியே படமாக்கிவிட்டார். முதல் பெஞ்சில் வேகவேகமாகத் தலையாட்டும் பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று வாத்தியாரான நானே பல வருஷம் நம்பியவன், அவளை எப்படிக் குறை சொல்வது? நீயும் அலுவலகத்தில் யாராவது சட்டென்று சரி என்றால், இன்னொரு தடவை கேட்டுக்கொள்.

ஒரு வாரம் கழித்தும் சாக்கடை அப்படியே கிடக்க, தெருவே திரண்டு வந்து, நல்லா நடிக்கிறீங்கம்மா, கைதட்டணுமா என்று கேட்டது. எதிர்க்கட்சிக்காரருக்கு மைக்கில் பேச வேறு விஷயமே தேவைப்படவில்லை. புதுப் பொறியாளர் மேல் பழியைப் போடுங்க என்று கட்சியில் யோசனை சொன்னார்கள். அம்மா நேரே அந்தத் தெருவுக்கே போய், தெரியாம ஒரு நடிகர்கிட்ட உத்தரவு போட்டுட்டேன், தப்பு என்னுதுதான் என்றாள். அப்போ அந்த நடிகரையே வேலைக்கு வச்சுக்குங்க, நாளைக்கே முடிக்கிறேன்னு சொன்ன ஒரே ஆளு அவர்தான் என்று ஒரு சைக்கிள்கடைக்காரர் சொல்ல, தெருவே சிரித்திருக்கிறது. அடைப்பு எடுத்து முடிக்கிற வரைக்கும் அம்மா சேற்றில் நின்றாள்.

அந்தக் காட்சியை வெட்டச் சொல்லிடுறேன் என்று தையல்கார அம்மாளிடம் சொன்னதற்கு அவர் பதறிவிட்டார். ஐயையோ, நான் நல்லா அழுதிருக்கேனாம், சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லியாச்சு என்றாராம். அப்ப ஓட்டு எனக்குத்தானே என்று அம்மா மெல்லக் கேட்டிருக்கிறாள். படத்தைப் பார்த்துட்டுச் சொல்றேம்மா என்றாராம். படமோ தேர்தலுக்கு அப்புறம்தான் வருகிறது.

இருவரும் நோய்நொடி இல்லாமல் மனசு நிறைந்து வாழுங்கள். முடிவு தெரிந்த அன்று, என்ன ஆனாலும், மறக்காமல் அம்மாவைக் கூப்பிடு. வெளியே சிரித்துக்கொண்டு திரிகிறாள், மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா